அத்தி இலையும் ஒரு துண்டும்

அன்புள்ள அக்கா,

பல வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

பதினாறு வயதிலிருந்து எனக்கு சோரியாசிஸ். முதுகிலும் கால்களிலும் திட்டுத்திட்டாக இருக்கும், செதில் உதிரும். முழுக்கைச் சட்டை இல்லாமல் வெளியே போனதில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, இன்னும் விளக்கை அணைத்த பிறகுதான் உடை மாற்றுகிறேன். அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானாகத்தான். இப்போது வாரம் மூன்று நாள் ஒளி சிகிச்சைக்குப் போகிறேன். ஆளுயரப் பெட்டி, சுற்றிலும் குழல்விளக்குகள், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. உடம்பில் துணி இருக்கக்கூடாது. அந்த இரண்டு நிமிடமும் கண்ணை இறுக மூடிக்கொண்டு சங்கீத வசனம் சொல்வேன். போன வாரம் எனக்கு முன்னால் உள்ளே போன ஒரு வயதான அம்மா துண்டைச் சரியாகச் சுற்றாமல் வெளியே வந்துவிட்டார். அவர் முதுகும் என் முதுகு மாதிரியே இருந்தது. சரி, அதை விடுங்கள்.

கேட்க வந்தது வேறு. கிறிஸ்தவ நேச்சரிஸ்டுகள் என்று சிலர் இருக்கிறார்களாம். ஆடையில்லாமல் கூடி ஜெபிக்கிறார்கள், பாடுகிறார்கள். புற்றுநோயில் ஒரு மார்பகத்தை இழந்த பெண், அங்கே போன பிறகுதான் தன் உடம்புக்காகத் தேவனுக்கு நன்றி சொல்ல முடிந்தது என்று சாட்சி எழுதியிருந்தார். அழுதுவிட்டேன். அடுத்த நிமிடமே, இதை வாசித்ததே பாவமோ என்றும் இருந்தது. இது வேதத்துக்கு ஒத்ததா, இல்லை இச்சைக்கு வசனத்தால் போட்ட போர்வையா? உடம்பை ஏற்றுக்கொள்ள இது உண்மையிலேயே உதவுமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

வாசித்தது பாவமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் அப்படிப்பட்ட இடங்களுக்குப் போனதில்லை, போகிற உத்தேசமும் இல்லை. வெயில் ஒத்துக்கொள்ளாது என்பது பாதிக் காரணம், மீதி உங்களுக்கே தெரியும். ஆனால் என் தோழி ஒருத்தி அப்படி ஒரு முகாமில் மூன்று நாள் தங்கியிருக்கிறாள். முதல் பத்து நிமிடம் கண்ணை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை என்றாள். எல்லாரும் கையில் ஒரு துண்டோடு திரிகிறார்களாம். எங்கே உட்கார்ந்தாலும் அதை விரித்துத்தான் உட்காரவேண்டும், அது அங்கே சட்டம் மாதிரி. படம் எடுக்கக்கூடாது, யாரையும் உற்றுப் பார்க்கக்கூடாது. மதியத்துக்குள் அவளுக்கு ஒரே கவலைதான் மிஞ்சியதாம்: சட்டைப்பை என்ற ஒன்றே இல்லாதபோது அறைச் சாவியை எங்கே வைப்பது?

இச்சை பற்றி நீங்கள் கேட்டதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வேறு வியாபாரம் நடத்துகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இயக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது வேறு. 1974இல் பிரான்சின் அக்டே நகரில் கூடிய சர்வதேச நேச்சரிஸ்ட் கூட்டமைப்பு ஒரு வரையறை செய்தது: இயற்கையோடு இசைந்த வாழ்க்கைமுறை, அதன் அடையாளம் சேர்ந்திருக்கும் நிர்வாணம், நோக்கம் சுயமரியாதையும் பிறர் மீதும் சூழல் மீதுமான மரியாதையும். அதில் தேவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்காகக் கிறிஸ்தவர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் இந்த இயக்கத்தை வளர்த்துவிட்ட இல்ஸ்லி பூன், டச்சு ரிஃபார்ம்டு என்ற புராட்டஸ்டன்ட் சபையில் போதகராக இருந்தவர். அவர்களுடைய பத்திரிகையைத் தபாலில் அனுப்பத் தடை வந்தபோது வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1958இல் பத்திரிகை வென்றது.

வேதத்துக்கு வருவோம். நீங்கள் வாசித்த ஆட்கள் முக்கியமாக நிற்பது ஆதியாகமத்தில். முதல் இருவரும் "நிர்வாணிகளாயிருந்தும், வெட்கப்படாதிருந்தார்கள்." அத்தி இலைகளைத் தைத்தது மனிதனின் சொந்த யோசனை. ஒளிந்துகொண்டவனிடம் தேவன் கேட்டது, "நீ நிர்வாணி என்று உனக்கு அறிவித்தவன் யார்?" இந்த வாசிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. வெட்கத்துக்குப் பின்னால் ஒரு கோள்சொல்லி இருக்கிறான் என்கிறது. உங்கள் விஷயத்தில் அது யார்? பதினாறு வயதில் யாரோ எதையோ சொல்லியிருப்பார்கள். நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

ஆனால் பத்து வசனம் தள்ளி, தேவனே தோல் உடைகளை உண்டாக்கி அவர்களுக்கு உடுத்துகிறார். அது முள்ளுக்கும் குளிருக்கும் செய்த ஏற்பாடு என்று சொல்லி நேச்சரிஸ்டுகள் தாண்டிப்போவார்கள். என்னால் அத்தனை வேகமாகத் தாண்ட முடியவில்லை. வெட்கப்பட வேண்டியதில்லை என்று தெரிந்தும், வெட்கப்படுகிற பிள்ளைகளுக்குத் துணி செய்துகொடுக்கிற தேவன் அங்கே இருக்கிறார். வீட்டைவிட்டு வெளியேற்றுவதற்கு முந்தின வேலை அது.

இன்னொன்றும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆதிச் சபையில் ஞானஸ்நானம் ஆடையில்லாமல்தான் நடந்தது. நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயராக இருந்த சிரில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் பேசியது இன்றும் கிடைக்கிறது. எல்லார் முன்னிலையிலும் நிர்வாணமாயிருந்தீர்கள், வெட்கப்படவில்லை, தோட்டத்து ஆதாமைப் போலவே இருந்தீர்கள் என்று வியக்கிறார். பெண்களுக்கு எண்ணெய் பூசப் பெண் உதவியாளர்கள் இருந்த சபைகளும் உண்டு. அப்புறம் என்ன நடந்தது? தண்ணீரைவிட்டு ஏறியவர்களுக்கு வெள்ளை உடை உடுத்தினார்கள். பழைய துணியைக் களைந்தார்கள், புதுத் துணியைப் போட்டார்கள், இரண்டுக்கும் நடுவே அந்தச் சில நிமிடம். யாரும் அப்படியே வீட்டுக்குப் போகவில்லை.

எனக்கு எப்போதும் சிரிப்பு வரவழைக்கிறவர் பேதுரு. படகில் துணியில்லாமல் மீன்பிடித்துக்கொண்டிருக்கிறார். கரையில் நிற்பது கர்த்தர் என்று தெரிந்ததும் மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். நீந்தப் போகிறவன் சட்டையை மாட்டுவானா? ஆனால் அவருக்கு அப்படித்தான் போகத் தோன்றியது. யாரும் அதற்காக அவரைக் கண்டிக்கவில்லை. ஆடையைக் களைவதுதான் விசுவாசம் என்றோ, போர்த்துக்கொள்வதுதான் விசுவாசம் என்றோ ஒருவர் வசனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், பாதியைத்தான் தூக்கிவருகிறார்.

உதவுமா என்று கேட்டீர்கள். கொஞ்சம் உதவுகிறது என்றுதான் தெரிகிறது. லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கியோன் வெஸ்ட் 2020இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். 51 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை ஆடையோடும் மறுபகுதியினரை ஆடையில்லாமலும் மற்றவர்களோடு பழகவிட்டார். ஆடையில்லாமல் பழகியவர்களுக்குத் தங்கள் உடம்பின்மேல் மதிப்பு கூடியிருந்தது. மற்றவர்கள் என் உடம்பை எடைபோடுகிறார்கள் என்ற பதற்றம் குறைந்ததே அதற்குக் காரணமாகத் தெரிந்தது. ஆய்வு சின்னது, சம்மதித்து வந்தவர்களை வைத்து நடந்தது. அதையும் சேர்த்தே நம்புங்கள்.

அதே நேரம் அம்மணம் தானாக யாரையும் குணப்படுத்திவிடாது. ஜெர்மனியில் ஹான்ஸ் சூரன் என்ற ராணுவ அதிகாரி ஆடையற்ற உடற்பயிற்சியைப் பற்றி 1924இல் எழுதிய புத்தகம் விற்றுத் தள்ளியது. அவர் கொண்டாடியது எண்ணெய் மினுங்கும் கட்டுடம்பை. பின்னாளில் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அந்தத் திடலில் உங்கள் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் என்ன மரியாதை கிடைத்திருக்கும்? துணியைக் கழற்றிய பிறகும் தராசு அப்படியே இருந்தால் ஒன்றும் மாறுவதில்லை.

என் அம்மாவைக் கடைசி நான்கு மாதம் படுக்கையில் வைத்துத் துடைத்துவிட்டது நான்தான். நான் பிறந்து வளர்ந்த காலம் முழுக்க அவர் முழங்காலைக்கூடப் பார்த்ததில்லை. முதல் நாள் போர்வையை விலக்கியபோது அவர் கை பாய்ந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டது. உடுக்கை இழந்தவன் கை என்று சும்மாவா சொன்னார்கள்? பேச்சு குழறிக்கொண்டிருந்தது, கை மட்டும் அவ்வளவு வேகம். நானும் ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்து, ஈரத்துணியை உள்ளே விட்டுவிட்டுத் துடைப்பேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அந்தக் கை வரவில்லை. என்னை நம்பியதாலா, தெம்பு போய்விட்டதாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றுதான் அம்மாவின் உடம்பை முழுதாகப் பார்த்தேன். தொடையில் வரிவரியாகத் தோல், இடுப்பில் பாவாடை நாடா அழுத்தி அழுத்திக் கறுத்த தடம், எப்போது பட்டதென்று நான் கேட்டே இராத ஒரு தீக்காயம். அழகு என்று சொன்னால் பொய். அசிங்கம் என்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு கண்ணாடியில் என்னைப் பார்க்கிறபோது பழைய எரிச்சல் வருவதில்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது. அதுவரை நான் பார்த்திருந்தவை இரண்டே வகை உடம்பு: என்னுடையது, விளம்பரங்களில் வருவது. வேறு கணக்கே என்னிடம் இருக்கவில்லை.

நேச்சரிஸ்டுகளுக்கு நடப்பதும் பெரும்பாலும் இதுதான் என்று ஊகிக்கிறேன். அந்த மார்பகம் இழந்த பெண்ணின் சாட்சியை நான் நம்புகிறேன். அவர் நன்றி சொன்னது நிஜம். அதை எல்லாருக்குமான வழியாக்கி, போகாதவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று பேச ஆரம்பித்தால்தான் எனக்குச் சங்கடம். உயிர்த்தெழுந்த இயேசுவின் சரீரத்திலும் ஆணிக் காயம் இருந்தது, தோமாவிடம் காட்டப்பட்டது அதுதான். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று சொல்கிறபோது, செதில் உதிராத வேறொரு சரீரத்தை மனதில் வைத்துக்கொண்டுதானே சொல்கிறோம்?

நீங்கள் எந்த முகாமுக்கும் போகவேண்டாம் என்றோ போகவேண்டும் என்றோ நான் சொல்லமாட்டேன். வீட்டில் விளக்கு விஷயம் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது. பன்னிரண்டு வருடம் பேசாத மனிதரிடம் ஒரு முறை கேட்டுப்பார்க்கலாம், அவ்வளவுதான். பெட்டிக்குள் கண்ணை மூடுவதும் உங்கள் இஷ்டம் (கண்ணாடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள், அது மருத்துவ விஷயம்).

ஆனால் கடிதத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு "அதை விடுங்கள்" என்றீர்களே, என்னால் அதை விடமுடியவில்லை. துண்டு நழுவிய அந்த அம்மா. நீங்கள் கேட்கிற கேள்வியில் பாதி அந்த வராந்தாவிலேயே நடந்து முடிந்துவிட்டது என்று எனக்குப் படுகிறது. அவர் திரும்பி உங்களைப் பார்த்தாரா? ஏதாவது பேசினீர்களா? வாரம் மூன்று நாள் போகிறீர்கள், எப்படியும் மறுபடி கண்ணில் படுவார். அவர் பெயரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா