நாற்காலியை ஆற்றில் விட்டது யார்?

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சக்கர நாற்காலியில் வரும் வகுப்புத் தோழி ஒருத்திதான் அவளுக்கு எல்லாமே. இருவரும் சேர்ந்து ஒரு சாகசக் கதை எழுதினார்கள். மலைக்கோட்டையில் தொலைந்துபோன வரைபடத்தைத் தேடி இரண்டு சிறுமிகள் போகிறார்கள், ஒருத்தி சக்கர நாற்காலியில். குறுகலான வழி வந்தால் சக்கரத்தைக் கழற்றுகிறார்கள், சரிவில் கயிறு கட்டி இறங்குகிறார்கள், இப்படி ஒரே வேடிக்கை. ஆனால் முடிவு சப்பென்று இருந்தது. வரைபடம் கிடைக்கிறது, வீட்டுக்கு வருகிறார்கள், அவ்வளவுதான். போட்டிக்கு அனுப்பும் கதையாயிற்றே என்று, கோட்டைச் சுனையில் கால் பட்டதும் அந்தச் சிறுமி எழுந்து நடப்பதாகவும், நாற்காலியை ஆற்றில் விட்டுவிட்டு இருவரும் ஓடிவருவதாகவும் மாற்றச் சொன்னேன். மகளும் மாற்றினாள். அதைப் படித்த நாளிலிருந்து தோழி பேசுவதில்லை. நல்லதைத்தானே எழுதினோம்? இப்படித் தொட்டாற்சிணுங்கியாக இருப்பவளோடு பழக வேண்டாம் என்று மகளிடம் சொல்லலாமா? மூன்று வருடப் பழக்கம் என்பதால் யோசிக்கிறேன். (எங்கள் வாசலில் இரண்டு படி இருப்பதால் அவள் இங்கே வந்ததில்லை. என் மகள்தான் அங்கே போவாள்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே அம்மா, எனக்கு அந்த வரி போதும்.

மூன்று வருடம். இரண்டு படி. உங்கள் மகளின் உயிர்த்தோழி ஒருநாள்கூட உங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. அதை மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். படி இருக்கிறது, அதனால் அவள் வரவில்லை, முடிந்தது கதை. ஒரு பலகை போடலாமே என்று இந்த மூன்று வருடத்தில் உங்களுக்குத் தோன்றவில்லையா? உங்கள் மகளுக்குத் தோன்றியிருக்கிறது. அதைத்தான் அந்தப் பிள்ளைகள் கதை நெடுக எழுதிவைத்திருக்கிறார்கள். வழி குறுகினால் சக்கரத்தைக் கழற்றுகிறார்கள், சரிவு வந்தால் கயிறு கட்டுகிறார்கள். நீங்கள் வேடிக்கை என்று சொல்வதுதான் அந்தக் கதையின் சாகசமே. அதைத் தாண்டிப்போய், கடைசிப் பக்கத்தில் அவளை நடக்கவைத்துவிட்டீர்கள். நடந்துவிட்டால் யாரும் எந்தப் படியைப் பற்றியும் யோசிக்க வேண்டாம் பாருங்கள்.

நீங்கள் கொடுத்த முடிவு புதிதும் இல்லை. ஜோஹன்னா ஸ்பைரி எழுதிய 'ஹெய்டி'யின் இரண்டாம் பாகம் 1881-ல் வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் கிளாரா, தோழி ஹெய்டியைப் பார்க்க மலைக்கு வருகிறாள். அவள் வந்தபிறகு ஹெய்டி தன்னோடு வருவதில்லை என்ற பொறாமையில், ஆடு மேய்க்கும் பீட்டர் அந்த நாற்காலியை மலையிலிருந்து உருட்டிவிடுகிறான். அது சுக்குநூறாகிறது. கிளாரா நடக்கத் தொடங்குகிறாள், எல்லோருக்கும் சந்தோஷம். 1911-ல் வந்த 'தி சீக்ரெட் கார்டன்' நாவலிலும் நாற்காலியில் வந்த காலின் என்ற சிறுவன் கடைசியில் எழுந்து ஓடுகிறான். இரண்டும் எனக்குப் பிடித்த புத்தகங்கள்தான். ஆனால் நடக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைப் படித்துப் பாருங்கள். நீ இப்படியே இருக்கிறவரை உன் கதை முடியாது என்றுதான் அவள் காதில் விழும். ஆற்றில் பொத்தென்று விழுந்தது அவளுக்கு வெறும் நாற்காலி இல்லை. காலையில் பள்ளிக்கு வருவதும், உங்கள் மகளோடு மைதானத்தைச் சுற்றுவதும் அதில்தான். அதைத் தன் தோழியே, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆற்றில் விட்டால் அவள் என்ன நினைப்பாள்? பீட்டராவது பொறாமையில் செய்தான்.

'புதையல் தீவு' படித்திருப்பீர்கள். ஒற்றைக்கால் ஜான் சில்வர் வில்லன்தான். உடல் குறை உள்ளவர்களை வில்லனாக்கும் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை, அந்த நாவலிலேயே பார்வையில்லாத ஒருவனும் பயங்கரமானவனாக வருகிறான். ஆனால் சில்வரைக் கவனியுங்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்று ஊன்றுகோலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறான். கப்பல் ஆடும்போது அதை மரச்சுவரில் முட்டுக்கொடுத்துச் சாய்ந்து நின்று சமைக்கிறான். அகலமான இடங்களைத் தாண்ட அவனுக்காகக் கப்பலில் கயிறு கட்டியிருக்கிறது. நடுக்கடலில் அதற்கு வழி இருந்தது, உங்கள் வாசலில் இல்லை. கடைசியில் அவன் ஒரு காலோடுதான், காசு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தப்பிக்கிறான். எந்தச் சுனையும் அவனைத் தொடவில்லை.

சில்வர் இப்படி உயிர்ப்போடு இருப்பதற்குக் காரணம் ஒரு நட்பு. அந்த நாவலை எழுதிய ஸ்டீவன்சனுக்கு ஹென்லி என்ற கவிஞர் நண்பர். எலும்பில் காசநோய் வந்து ஒரு காலை இழந்தவர். உங்கள் பலத்தைப் பார்த்துத்தான் சில்வர் பிறந்தான் என்று ஸ்டீவன்சனே அவருக்குக் கடிதம் எழுதினார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். 1888-ல் அந்த நட்பு உடைந்தது. ஸ்டீவன்சனின் மனைவி வெளியிட்ட ஒரு கதையில் இன்னொருவருக்கும் பங்கு உண்டே, அவர் பெயர் எங்கே என்று ஹென்லி கேட்டதில் வந்த சண்டை.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. கதை இரண்டு பேருடையது. ஒருத்தியிடம் மட்டும் கேட்டு மாற்றியிருக்கிறீர்கள். கேட்காமல் விடப்பட்டவள் கோபப்பட்டால் தொட்டாற்சிணுங்கி என்கிறீர்கள். பிள்ளைகளின் நோட்டில் பெரியவர்கள் எழுத்துப்பிழை திருத்தலாம், அதற்குமேல் பேனாவை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. பழக வேண்டாம் என்று சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. மகளோடு மூன்று வருடம் பழகிய பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை. அவள் வந்துபோக வழிசெய்வது தாயின் கடமை, யாரோ கேட்டபிறகு செய்கிற உபகாரம் இல்லை.

முதலில் நீங்கள் அவள் வீட்டுக்குப் போங்கள். மகளை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்காதீர்கள். அவள் அம்மாவிடம் பேசிவிட்டு வருவதும் போதாது, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, மாற்றச் சொன்னது நான்தான் என்று சொல்லுங்கள். கண்ணீர் விட்டு அவளையே உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள். போட்டிக்குக் கதை போய்விட்டதென்றால் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று எழுதுங்கள். முடிவு என்ன என்பதை அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். வரைபடம் கிடைத்து வீட்டுக்கு வருவதே முடிவு என்றால், சரி, அதுவே இருக்கட்டும். எனக்கென்னவோ அது சப்பென்றும் தெரியவில்லை.

அப்புறம் வாசல். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பதுதான் சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு. இரண்டு படியும் சேர்ந்து பன்னிரண்டு அங்குலம் என்றால் பன்னிரண்டு அடி வேண்டும். இடம் இல்லையென்றால், எப்படி ஏற்றினால் அவளுக்கு வசதி என்று அவளையே கேளுங்கள். கைப்பிடியைப் பிடித்து நாற்காலியைத் தூக்கிவிடாதீர்கள், பலவற்றில் அது கழன்று வந்துவிடும். கழிப்பறைக் கதவையும் அளந்து பாருங்கள். அதற்குள் நாற்காலி போகாவிட்டால் அவளால் ஒரு மணி நேரத்துக்குமேல் உங்கள் வீட்டில் இருக்க முடியாது.

மகளிடம் தனியாகப் பேச வேண்டியதும் பாக்கி இருக்கிறது. அம்மா சொன்னாலும் தோழியைக் கேட்டிருக்க வேண்டும் என்பது பன்னிரண்டு வயதில் புரியும். ஆனால் அதை உங்கள் தவறைச் சொன்னபிறகு சொல்லுங்கள்.