காட்டுத்துறையோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் காட்டுக்குப் பெரிய உதவி செய்ததுண்டா?

உண்டு. கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தவர் கய் மவுண்ட்ஃபோர்ட். லண்டன்காரர். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்து லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்தவர். அதற்கப்புறம் பிழைப்புக்குச் செய்தது விளம்பர ஏஜென்சி நிர்வாகம். 1905-இல் பிறந்து 2003 வரை, 97 வயது வாழ்ந்தார். விலங்கியல் பட்டமோ வனத்துறைப் பதவியோ அவரிடம் இருந்ததில்லை. ஆனாலும் இன்று பந்திப்பூரிலும் முதுமலையிலும் புலி நடமாடுகிறதென்றால் அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

நானும் விளம்பரத்துறையில் பதினாறு வருடமாக இருக்கிறேன். சோப்பும் பற்பசையும் விற்கக் கற்றுக்கொண்ட வித்தை வேறு எதற்காவது உதவுமா என்று அடிக்கடி யோசிப்பேன். இவர் கதை தெரிந்தபிறகு அப்படி யோசிப்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போருக்கு முன்னால் வேலை நிமித்தமாகப் பல ஆண்டுகள் பிரான்சில் இருந்தபோதுதான் பறவை பார்க்கும் பழக்கம் தீவிரமானது. 1949-இல் அமெரிக்கா போனவர், பருந்துகள் வலசை போவதைப் பார்க்கப் பென்சில்வேனியாவில் உள்ள ஹாக் மவுண்டனில் ஏறினார். அங்கே ரோஜர் டோரி பீட்டர்சனைச் சந்தித்தார். எந்த அடையாளத்தைக் கவனித்தால் பறவையைச் சொல்லிவிடலாம் என்று படத்திலேயே சிறு கோடு போட்டுக் காட்டும் முறையை அமெரிக்கக் கையேட்டில் கொண்டுவந்தவர் பீட்டர்சன். ஐரோப்பாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். படம் பீட்டர்சன், எழுத்து மவுண்ட்ஃபோர்ட், எங்கெங்கே வாழும் என்ற வரைபடங்கள் ஃபில் ஹாலம். 1954-இல் வந்த அந்தக் கையேடு பல மொழிகளுக்குப் போனது. சாதாரண மனிதர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பறவை பார்க்கலாம் என்று ஆனது.

அப்புறம் ஸ்பெயினின் தெற்கே, குவாடல்கிவிர் ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள கோட்டோ டோன்யானா என்ற சதுப்பு நிலம். 1950-களில் அங்கே மூன்று முறை குழு சேர்த்துப் போனார். யாரையெல்லாம் கூட்டிப்போனார் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். பறவை நிபுணர்களோடு நிற்கவில்லை. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் தரைப்படைக்கே தலைவராக இருந்த ஃபீல்டு மார்ஷல் ஆலன்புரூக் வந்தார். யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர் ஜூலியன் ஹக்ஸ்லி வந்தார். பறவைப் புகைப்படத்தில் பெரிய கை எரிக் ஹாஸ்கிங் வந்தார். ஓர் இடத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், யார் பேச்சுக்கு மரியாதை இருக்கிறதோ அவர்கள் அதைத் தங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது பாலபாடம். டோன்யானாவுக்காக ஸ்பானிய விஞ்ஞானி வால்வெர்டே முதலானோர் உள்ளூரிலேயே போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது வெளியிலிருந்து கிடைத்த பலம். 1969-இல் அது தேசியப் பூங்கா ஆனது.

1961-இல் உலக வனவிலங்கு நிதியம் (WWF) தொடங்கப்பட்டபோது ஹக்ஸ்லி, இயற்கைப் பாதுகாப்பாளர்களான மேக்ஸ் நிக்கல்சன், பீட்டர் ஸ்காட் ஆகியோரோடு மவுண்ட்ஃபோர்ட்டும் முன்னின்றார். எந்த உயிரினம் அழிகிறது என்று விஞ்ஞானிகளுக்குத் தெரியும். ஊராரிடம் போய்ப் பணம் கேட்பது எப்படி என்பது வேறு வித்தை, அது இவரிடம் இருந்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்போம். புலி எங்கே போய் அழும்?

புலி விஷயத்துக்கு வருகிறேன். 1969-இல் டெல்லியில் நடந்த பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டில், புலி அழிவின் விளிம்பில் இருக்கிறது என்ற குரல் பலமாக எழுந்தது. 1972 கணக்கெடுப்பில் இந்தியாவில் 1827 புலிகள்தான் என்று தெரிந்தது. பத்து லட்சம் டாலர் திரட்டுவோம் என்று நிதியம் அந்த ஆண்டு உலகம் முழுக்க வேண்டுகோள் விட்டது. அதன் பின்னால் இருந்தவர் மவுண்ட்ஃபோர்ட், அப்போது அவருக்கு வயது 66. பிரதமர் இந்திரா காந்தி ஆர்வமாக இருந்தார், மத்திய அமைச்சர் கரண் சிங் தலைமையில் குழு அமைந்தது. 1973 ஏப்ரல் 1 அன்று இமயமலை அடிவாரத்தில் உள்ள கார்பெட் தேசியப் பூங்காவில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. முதல் ஒன்பது காப்பகங்களில் பந்திப்பூரும் ஒன்று.

'சூழல் மண்டலத்தைக் காப்போம்' என்று கேட்டிருந்தால் அந்தப் பணம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். புலி என்றால் குழந்தைக்கும் புரியும். ஆனால் புலி பிழைக்க மான் வேண்டும், மானுக்குப் புல் வேண்டும், புல்லுக்குத் தண்ணீர் வேண்டும். புலியின் பேரைச் சொல்லிக் கேட்டது முழுக் காட்டுக்கும்.

எல்லாப் புகழும் அவருக்கே என்று சொல்ல மாட்டேன். திட்டத்தின் முதல் இயக்குநர் கைலாஷ் சங்கலாவும் மழையிலும் பனியிலும் ரோந்து நடந்த வனக்காவலர்களும் இல்லாமல் இது நடந்திருக்காது. கான்ஹா, ரந்தம்போர் காப்பகங்களுக்காக ஊரைக் காலிசெய்துவிட்டுப் போன மக்கள் கொடுத்த விலையும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. எதுவும் நிரந்தரமாகக் காப்பாற்றப்பட்டுவிடவும் இல்லை: அவர் இறந்து இரண்டு ஆண்டுக்குள், ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று தெரியவந்தது. பிறகு வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். 2022 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 3682 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

போன வருடம் ஊட்டியிலிருந்து மைசூருக்குக் காரில் போனோம். பந்திப்பூர் வழியாகப் போகும் அந்தச் சாலையை, விலங்குகள் வண்டியில் அடிபடாமல் இருக்க, இரவு ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள், காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். நாங்கள் தாமதமாகிவிட்டோம், முதுமலைப் பக்கமே தங்க வேண்டியதாயிற்று. என் மகள், "நமக்காக ஏம்ப்பா திறக்க மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டாள். அன்று ராத்திரி அவளுக்கு இந்த மனிதரைப் பற்றித்தான் சொன்னேன்.