வீட்டு வைஃபைக்கு என் கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருக்கிறேன். இது பாதுகாப்பானதா?

இல்லை. இன்றே மாற்றிவிடுங்கள்.

இணைப்புக் கொடுக்க வருபவர்கள் பல வீடுகளில் வாடிக்கையாளரின் எண்ணையே போட்டுவிட்டுப் போகிறார்கள். பத்து இலக்கம் இருக்கிறதே, யாரால் ஊகிக்க முடியும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் திருடுபவன் உங்கள் வாசலில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் கைபேசி ரவுட்டருடன் இணையும்போது இரண்டுக்கும் இடையே சில தகவல்கள் காற்றில் போய்வருகின்றன. தெருவில் இருந்தபடியே அவற்றைப் பதிவு செய்துகொண்டால் போதும்; எந்த எண் அவற்றோடு பொருந்துகிறது என்று அவன் தன் கணினியிலேயே சோதித்துக்கொள்வான். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது.

நம் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில்தான் தொடங்கும். ஆக, மொத்தம் 400 கோடி எண்கள். வீடியோ கேம் ஆடுவதற்கு வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சோதித்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரத்துச் சமாச்சாரம். உங்கள் எண் தெரிந்தவர்களுக்கு அதுவும் தேவையில்லை. 2021இல் டெல் அவிவில் ஓர் ஆய்வாளர் 5,000 வைஃபைகளைச் சோதித்ததில் சுமார் 70 விழுக்காடு உடைந்தன. அவற்றில் பெரும்பாலானவை கைபேசி எண்களே.

என்ன வைக்கலாம்? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: முருங்கை, சுத்தியல், பங்குனி, தூண்டில் என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) குறளின் முதலடி, பாட்டு வரி, பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டு, இவையெல்லாம் வேண்டாம்; ஊகிப்பவன் முதலில் போடுவதே அவற்றைத்தான்.

வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவதற்கான ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கு வேறொரு கடவுச்சொல் உண்டு. பலரும் அதைத் தொடுவதே இல்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதே அப்படியே இருந்தால் அதையும் மாற்றுங்கள். கடவுச்சொல் இல்லாமலே, ஒரு பொத்தானையோ எட்டு இலக்க எண்ணையோ கொண்டு கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியையும் அங்கேயே அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரு பாதிகளாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் பிடித்துவிடலாம் என்று 2011இலேயே தெரிந்துவிட்டது. வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதால் பயனில்லை. கருவிகள் இணையும்போது அது வெளியே தெரிந்துவிடும்.

கடவுச்சொல்லை மாற்றியதும் டிவி, கேமரா எல்லாம் துண்டிக்கப்படும். வீட்டில் எல்லோரும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று தள்ளிப்போடாமல், இன்றே மாற்றி, உங்கள் கைபேசியிலாவது புதியதைப் போட்டுவிடுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.