சலைன் அமிலமா? ஐ.வி. மருந்தும் சிரை எரிச்சலும்: வாசகர் கேள்விகள்

நார்மல் சலைனின் (சிரையில் ஏற்றும் உப்புநீர்) பி.எச். (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.5 என்று படித்தேன். ரத்தத்துக்கோ 7.4. சிரை புண்ணாகிவிடாதா? (நர்சிங் மாணவி)

ஆகாது. சலைனில் பஃபர், அதாவது பி.எச். மாறாமல் பிடித்துவைக்கும் பொருள், கிடையாது. ஒரு லிட்டரில் இருக்கிற அமிலம் மொத்தத்தையும் சரிக்கட்ட சோடா பைகார்ப் அரை மில்லிகூட வேண்டாம். உள்ளே போனதுமே ரத்தம் அதைச் சமன் செய்துவிடும். பி.எச். எவ்வளவு என்று கேட்கிறபோதே, அமிலம் எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்கப் பழகுங்கள்.

சிரை எரியாமலிருக்க ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல்) பாட்டிலில் பைகார்ப் கலக்கலாமா?

கூடாது. ஆர்.எல்.லில் கால்சியம் இருக்கிறது, படிந்துவிடும்.

டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற்றினால் மட்டும் கை வலிப்பது ஏன்?

எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கலாம். 5% என்றால் பி.எச். சுமார் 4. கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் சூட்டில் சர்க்கரை கொஞ்சம் சிதைந்து அமிலமாவதே காரணம். நாள் முழுக்க ஒரே சின்னச் சிரையில் ஓடினால் இதுவும் உறுத்தும். 25% என்றால் கதை வேறு. அங்கே அமிலத்தைவிட அடர்த்திதான் வில்லன். ஆஸ்மோலாரிட்டி, அதாவது கரைந்திருக்கும் துகள்களின் செறிவு, ரத்தத்தைப் போல நாலு மடங்குக்கும் மேல். முழங்கைப் பக்கம் பெரிய சிரையாகப் பார்த்து, மெதுவாகக் கொடுக்க வேண்டும். எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

அப்பாவுக்கு ஊசி போட்டபோது கை தீயாய் எரிந்ததாம். மருந்து தப்பா, போட்டவர் தப்பா?

மருந்தின் பெயர் இல்லை, எதில் கலந்தார்கள், எவ்வளவு நேரத்தில் ஏற்றினார்கள் என்பதும் இல்லை. இப்படிக் கேட்டால் யார் மேல் தப்பு சொல்வது? ஆனாலும் விடமாட்டேன், ஏனென்றால் வார்டில் நான் ஓயாமல் சண்டை போடுகிற விஷயம் இது.

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் நல்ல அமிலம், பி.எச். 4-க்குக் கீழேகூடப் போகும். ஒரு கிராமை 200 மில்லி சலைனிலாவது கலந்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் சிரை வீங்குவது மட்டுமல்ல, முகமும் கழுத்தும் சிவந்து பி.பி.யும் இறங்கலாம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன் நேர் எதிர், பி.எச். 12. டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் கண்ணெதிரே கலங்கும். சலைன் மட்டும்தான். நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, வயதானவருக்கு இன்னும் மெதுவாக. முடிந்ததும் சலைன் விட்டு ஃப்ளஷ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கை நீலம் பாரித்து வீங்குகிற அளவுக்குக்கூடப் போகும்.

இதெல்லாம் தெரிந்தவர்களே ராத்திரி டியூட்டியில் என்ன செய்கிறார்கள்? புறங்கையில் 24 நம்பர் மஞ்சள் வென்ஃப்ளான் (சிரைக்குள் போடும் மெல்லிய குழாய்). பத்து மில்லி சிரிஞ்சில் மருந்து. ஒரே தள்ளு. “எரியுதுங்க” என்று பெரியவர் முனகினால், “கொஞ்சம் பொறுத்துக்கோங்க தாத்தா” என்று பதில். பொறுக்கச் சொல்லாதீர்கள்! எரியுது என்பதுதான் முதல் எச்சரிக்கை. உடனே நிறுத்துங்கள். குழாய் சிரைக்குள்தான் இருக்கிறதா, சுற்றிலும் வீக்கமா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் எடுத்துவிட்டு வேறு இடத்தில் போடுங்கள். கூடவே இருக்கும் பிள்ளைகளும் வாய் திறந்து கேளுங்கள்: என்ன மருந்து, எவ்வளவு நேரம்?

பி.எச். 5-க்குக் கீழ், 9-க்கு மேல் என்றால் சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகே பெரிய சிரை வரை போகும் குழாய்) கட்டாயம் என்கிறார் எங்கள் சீனியர்.

பழைய விதி. அமெரிக்க இன்ஃப்யூஷன் நர்ஸ் சங்கமே 2016-இல் பி.எச்.சை மட்டும் வைத்து முடிவெடுப்பதைக் கைவிட்டது. மருந்தின் தன்மை, அடர்த்தி, எத்தனை நாள், எந்தச் சிரை, எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெதுவாகவும் நீர்க்கவும் கொடுங்கள் என்பது எந்த லைனுக்கும் பொருந்தும்.

வென்ஃப்ளான் எடுத்து ஒரு வாரம் ஆகிறது. சிரை கயிறு மாதிரி தடித்திருக்கிறது.

வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடுங்கள், கையைத் தலையணை மேல் வையுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். தடிப்பு கரையச் சில வாரம்கூட ஆகும். காய்ச்சல், சீழ், மேலே மேலே ஏறுகிற சிவப்பு, இதில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.