ஜுஹூ கடல்ல மெட்டல் டிடெக்டர் ஆட்டினா கை வலிக்குது, ராடை மாத்தலாமா?

தாராளமா மாத்தலாம். வலிக்கு வெயிட்ட விட தண்ணியோட இழுவைதான் காரணம், காயில், அதாவது அடியில உலோகத்த தேடுற வட்டு, மூடின தட்டா இருந்தா தண்ணி தள்ளிட்டே இருக்கும், நடுவுல திறந்த காயில்னா சுலபமா போகும். கன்ட்ரோல் பாக்ஸ் தனியா கழட்ட வந்தா இடுப்பு பெல்ட்ல மாட்டுங்க, பாதி பாரம் போச்சு. கீழ் ராடுக்கு தாராவி ஹார்ட்வேர் கடை பிவிசி பைப்பே போதும், ஆனா உள்ள காத்து அடைஞ்சா மிதக்கும், அதனால ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டு தண்ணிய உள்ள விடுங்க. அப்பவும் காயில் மேல வந்தா ஈயக்கட்டி வேணவே வேணாம், டிடெக்டர் அந்த ஈயத்தையே பார்த்து கத்தும், கண்ணாடி கோலிக்குண்டு கட்டுங்க. சீல் பண்ண கன்ட்ரோல் பாக்ஸ்ல மட்டும் ட்ரில் வைக்காதீங்க. அப்புறம் புதைஞ்ச பழைய காசு ஏதாவது மாட்டுனா, 1878 புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு சொல்லணும், சிரிக்காதீங்க, நெஜமாவே 10 ரூபாய்தான்.