ஜப்பானிய மொழியில் 'உருஸாய்' என்றால் இரைச்சல், 'ஜிகன்' என்றால் நேரம். அப்படியானால் 'ஜிகன் நி உருஸாய்' என்றால் சத்தமா, கறாரா?

கறார்தான். 'ஸென்ஸெய் வா ஜிகன் நி உருஸாய்' என்றால், ஆசிரியர் நேர விஷயத்தில் கறாரானவர். 'அந்த நேரத்தில் சத்தம் போடுகிறார்' என்று எடுத்துக்கொள்ளத் தோன்றுவதற்குக் காரணம், 'நி' என்ற உருபைக் கண்டதும் நேரம், இடம் என்றே மனம் போவதுதான். இங்கே அது 'எந்த விஷயத்தில்' என்பதைச் சொல்கிறது.

சந்தேகம் வந்தால் உருபைப் பாருங்கள். 'தெரெபி கா உருஸாய்': டிவிதான் இரைச்சல். 'அஜி நி உருஸாய்': ருசியில் நொட்டை சொல்பவர். 'யகமஷீ' என்ற சொல்லும் இப்படியே நடக்கும். 'ஷிட்ஸுகே நி யகமஷீ' என்றால் பிள்ளை வளர்ப்பில் கண்டிப்பு.

ஆனால் 'கின்ஜோ நி உருஸாய் இனு கா இரு' என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். அந்த 'நி' கடைசியில் வரும் 'இரு' (இருக்கிறது) என்ற வினைக்குச் சொந்தம். பக்கத்தில் குரைத்துத் தொல்லை தரும் நாய் இருக்கிறது, அவ்வளவே.

அப்புறம், மேலதிகாரியை முகத்துக்கு நேரே '... நி உருஸாய்' என்று சொல்ல வேண்டாம். ரசனையோடு தேர்ந்தெடுப்பவர் என்று பாராட்ட 'கொதவரி கா அரு' போதும். தனியாக 'உருஸாய்!' என்று கத்தினால் 'வாயை மூடு' என்றாகிவிடும்.

('உருஸாய்' என்பதைச் சீன எழுத்தில் 'ஐந்தாம் மாத ஈ' என்றும் எழுதுவார்கள். மொய்க்கும் ஈயை நினைத்தால் இரண்டு பொருளும் பிடிபடும்.)