தறப்பாளால் முழுக்க மூடியதுதான் பிழை

தம்பி, மாரி தொடங்கினதும் திருகோணமலை உவர்மலை வீட்டில் நீங்கள் விற்கிற விறகு புகைக்கிறது, வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தறப்பாளைத் தரை வரைக்கும் இழுத்து மூடினதாகச் சொல்கிறீர்களே, பிழை அங்கேதான், உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடித்துவிடும். மேலே மட்டும் மூடி நாலு பக்கமும் காற்றுக்கு விடுங்கள், அடியில் சீமெந்துக் கல் வைத்து அதன்மேல் அடுக்குங்கள், அதுவும் முழுக்கட்டையாக இல்லாமல் கொத்திப் பிளந்து, ஏனென்றால் பட்டை ஈரத்தை லேசில் விடாது.

இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது டங்கென்று கேட்கும், பச்சை தொப்பென்று அடங்கும். காய்ந்ததன் வெட்டுமுகத்தில் கீறல் ஓடியிருக்கும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் நன்றாக எரியும்.

இப்போது கையில் உள்ள ஈர விறகை நிறைக்கு விற்கவேண்டாம், தண்ணீருக்குக் காசு வாங்கினதாகிவிடும். ஈரம் என்று சொல்லியே விலை குறைத்துக் கொடுங்கள். 2022இல் எரிவாயு இல்லாத நாட்களில் அம்மா ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், அடுத்த வருசத்துக்கு வைகாசி, ஆனியிலேயே கொத்திக் காயப்போடுங்கள், அப்போது நம் ஊரில் தென்மேற்கிலிருந்து வறண்டு அடிக்கிற கச்சான் காற்று மாதிரி விறகைக் காய வைக்க வேறொன்றும் இல்லை.